ஏசியை மாற்றும் முன் அறையின் இடுக்குகளை அடைத்துவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாசி பிறந்துவிட்டால் நாளிதழ்களில் ஏசி விளம்பரங்களும், எத்தனை டன் வாங்குவது, எத்தனை நட்சத்திரம் பார்ப்பது என்ற ஆலோசனைகளும் வரத் தொடங்கும். குமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கதவைச் சாத்திய பிறகும் அந்த அறைக்குள் வெளிக்காற்று எந்த வழியாக வருகிறது? பன்னிரண்டுக்குப் பத்து படுக்கையறைக்கு ஒரு டன் ஏசி தாராளம். ஆனால் இங்கே பல வீடுகளில் "ஒரு டன் இழுக்கவில்லை" என்று ஒன்றரை டன் மாட்டுகிறார்கள். அதன் பிறகும் மெத்தை பிசுபிசுக்கிறது, அலமாரியில் தோல் செருப்பும் பெல்ட்டும் பூசணம் பிடிக்கின்றன. கோளாறு மெஷினில் இல்லை. கதவுக்கு அடியிலும், ஜன்னலுக்கு மேலே உள்ள வென்டிலேட்டரிலும், ஏசி பைப் போகும் துளையிலும் இருக்கிறது.

கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். கோடை இரவில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் கிலோவுக்கு ஏறத்தாழ 20 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். 25 டிகிரியும் 55 சதவீத ஈரப்பதமும் உள்ள ஏசி அறைக் காற்றில் இருப்பது 11 கிராம். பத்தடி உயரமுள்ள 12-க்கு 10 அறையின் கொள்ளளவு 34 கன மீட்டர். அதில் அடங்கும் காற்று சுமார் 39 கிலோ. இடுக்குகள் வழியாக மணிக்கு இரண்டு முறை காற்று முழுதாக மாறினால், மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளே வருகிறது. எட்டு மணி நேரத்தில் 6 லிட்டர். அந்தக் காற்றை 28-இலிருந்து 25-க்குக் குளிர்விக்க 70 வாட் அளவு குளிர்ச்சி போதும். அதிலுள்ள ஆவியைத் தண்ணீராக்கி வெளியே விடவோ 500 வாட் தேவை. ஒரு டன் ஏசியின் மொத்தத் திறன் 3,500 வாட். ஆக, மெஷினின் ஆறில் ஒரு பங்கு, வெளியிலிருந்து வந்த தண்ணீரை வெளியே அனுப்பவே போய்விடுகிறது. பகலில் வெயில் ஏறும்போதும் காற்றிலுள்ள நீரின் அளவு அதிகம் மாறுவதில்லை; வெப்பம் மட்டும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

இதை யூனிட்டில் சொன்னால், மேற்சொன்ன கசிவுக்கு ஓர் இரவில் ஒன்றே கால் யூனிட்டுக்கு மேல் ஆகும். கசிவை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் மாதம் 30 யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட் மிஞ்சும். பெரிய தொகையா என்று கேட்கலாம். 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளுக்குப் பெரியதுதான். அந்த எல்லையைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறிவிடுகிறது. இதைவிட முக்கியமான மிச்சம் இன்னொன்று. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 முதல் புது ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி வருகின்றன. ஆனால் ஓதமான அறையில் 24 டிகிரியில் யாருக்கும் உறக்கம் வராது. ரிமோட்டை எடுத்து 20-க்கு இறக்கிவிடுவார்கள். அறை உலர்ந்திருந்தால் 26 டிகிரியும் மெதுவாகச் சுற்றும் மின்விசிறியும் போதும்.

பெரிய மெஷின் ஏன் கைகொடுப்பதில்லை என்பதும் இங்கேயே இருக்கிறது. அது அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஆவி தண்ணீராக மாறுவதற்கு மெஷினுக்குள் உள்ள குழாய்ச் சுருளான காயில் தொடர்ந்து குளிர்ந்திருக்க வேண்டும். நின்று நின்று ஓடும் மெஷினில் அது நடப்பதில்லை. காயிலில் ஒட்டியிருந்த ஈரமே மறுபடி அறைக்குள் ஊதப்படும். குளிரும் புழுக்கமும் ஒரே அறையில் இருப்பது இதனால்தான்.

இனி ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வீடு முழுவதையும் அடைக்கக் கிளம்பிவிடக் கூடாது. அந்த வேலை குளிர் தேசத்து வீட்டுக்கு உரியது. அங்கே வீடு முழுவதும் சூடேற்றப்படுகிறது. நம் வீட்டில் ஹாலும் அடுக்களையும் திண்ணையும் காற்றோட்டத்தால்தான் வாழ்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனையின் மரச் சட்ட ஜன்னல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட குடியிருப்புக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பும், நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது, அதாவது 16.66 சதவீதம், இருக்க வேண்டும் என்கிறது. மற்ற எந்தப் பகுதிக்கும் இவ்வளவு கேட்கவில்லை. எனவே அடைக்க வேண்டியது ஏசி ஓடும் அறையை மட்டும். அதிலும் திறந்தால் நன்றாகத் திறக்கவும், மூடினால் இறுக மூடவும் வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். ஓர் ஊதுபத்தி போதும். படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் எக்ஸாஸ்ட் பேன் இருந்தால் வேலை இன்னும் சுலபம். குளியலறையின் கண்ணாடி லூவரை மட்டும் செய்தித்தாளும் டேப்பும் வைத்து மூடுங்கள். குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, படுக்கையறைக் கதவு, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு எக்ஸாஸ்ட் பேனைப் போடுங்கள். இப்போது அறைக்குள்ளிருந்து காற்று உறிஞ்சப்படுவதால் ஒவ்வோர் இடுக்கிலும் வெளிக்காற்று உள்ளே பாயும். ஊதுபத்தியைக் கதவின் நான்கு ஓரம், ஜன்னல் சட்டம், ஏசி பைப், சுவிட்ச் போர்டு, பால்ஸ் சீலிங் விளிம்பு என்று மெதுவாக நகர்த்துங்கள். புகை கலையும் இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். திரைச்சீலையை முன்பே கழற்றி வைத்துவிட வேண்டும். கதவு இறுக்கத்தைப் பார்க்க இன்னொரு வழி: செய்தித்தாள் துண்டை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அங்கே கதவு நிலையோடு சேரவில்லை.

பெரும்பாலான அறைகளில் முதல் குற்றவாளி கதவின் அடிப்பகுதி. உள் அறைகளுக்கு இப்போது வாசல்படி வைப்பதில்லை. டைல்ஸ் ஒட்டும்போது உயரம் தெரியாமல் கதவை முன்கூட்டியே செய்துவிடுவதால், கடைசியில் அடியில் அரை இஞ்ச் அறுத்துத் தள்ளுகிறார்கள். மூன்றடி அகலக் கதவில் அரை இஞ்ச் இடைவெளி என்றால் கிட்டத்தட்ட 116 சதுர சென்டிமீட்டர். சுவரில் நான்கு இஞ்சுக்கு நான்கு இஞ்சுக்கும் சற்றுப் பெரிய ஓட்டை போட்டுவிட்டு ஏசி ஓட்டுவதற்குச் சமம். கடைகளில் விற்கும், இருபுறமும் ஃபோம் உருளை உள்ள துணி உறை மலிவானது. ஒரு கோடைக்கு உழைக்கும். ஆனால் தரையின் ஈரத்தையும் மண்ணையும் வாரிக்கொண்டு நாற்றமெடுக்கும், கழற்றித் துவைக்க வேண்டும். நீடித்து நிற்பது, கதவின் அடியில் திருகும் அலுமினியப் பட்டையும் அதில் செருகிய ரப்பரும். ரப்பர் தரையை இலேசாகத் தொட்டால் போதும். அழுத்தி மாட்டினால் ஆறு மாதத்தில் கிழியும். மாட்டுவதற்கு முன் கதவு சாத்தியிருக்கும்போது, பாதி திறந்திருக்கும்போது, முழுதாகத் திறந்திருக்கும்போது என்று மூன்று இடங்களில் இடைவெளியை அளந்து பாருங்கள். நம் ஊரில் தரை மட்டம் அறைக்குள் ஒரு நூல், இரண்டு நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3 மி.மீ.) ஏறி இறங்குவது சகஜம். அந்த வித்தியாசம் இரண்டு நூலுக்கு மேல் இருந்தால் சாதாரணப் பட்டை உரசும். அப்போது கதவு சாத்தும்போது மட்டும் தானாக இறங்கும் ட்ராப் சீல்தான் வழி. விலை கூடுதல், ஆனால் உரசல் இல்லை. பிரஷ் வைத்த பட்டை எறும்பையும் பல்லியையும் தடுக்கும்; காற்றை அவ்வளவாகத் தடுக்காது.

கதவின் மற்ற மூன்று பக்கங்களுக்கு ஈ.பி.டி.எம். எனும் செயற்கை ரப்பரில் செய்த கேஸ்கெட், அதாவது இடுக்கை அடைக்கும் பட்டை, ஒட்ட வேண்டும். கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில், ஆங்கில D எழுத்து வடிவக் குறுக்குவெட்டில் கிடைக்கும். ஏழடிக்கு மூன்றடிக் கதவுக்கு 17 அடி, அதாவது 5.2 மீட்டர் தேவை. 6 மீட்டர் வாங்குங்கள். ஒரு நூல் முதல் ஒன்றரை நூல் வரையிலான இடைவெளிக்கு D வடிவம் சரி. அதற்குக் குறைவான இடைவெளிக்குத் தட்டையான வகை. சாத்தும்போது ரப்பர் பாதி அளவுக்கு நசுங்க வேண்டும். அதைவிடத் தடிமனாக ஒட்டினால் பூட்டு விழாது, கீல் பக்கம் இழுத்து ஸ்க்ரூ தளர்ந்துவிடும். சாம்பல் நிறச் சாதாரண ஃபோம் டேப்பை நம்ப வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சும், ஓராண்டில் பொடியாக உதிரும். ஒட்டுவதற்கு முன் சோப்பு நீரால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் மறுபடி துடைக்க வேண்டும். தின்னர் வேண்டாம், எனாமல் பெயின்ட் இளகிவிடும். ஒட்டு விடுபடுவதில் பெரும்பாலானவை தூசியின் மேலும் ஈர மரத்தின் மேலும் ஒட்டியவை.

காலமும் இதில் முக்கியம். ஆனி, ஆடிச் சாரலில் மரம் ஈரம் குடித்துப் பருத்துக் கதவு இறுகும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிடுகிறோம். தை, மாசியில் அதே கதவு காய்ந்து சுருங்கும்போது இரண்டு நூல் இடைவெளி விட்டு நிற்கிறது. அப்புறம் எந்தக் கேஸ்கெட்டும் போதாது. மழைக்காலத்தில் இறுகும் கதவுக்கு முதலில் கீல் ஸ்க்ரூக்களை முடுக்கிப் பார்க்க வேண்டும். பாதிக் கதவுகள் இறங்கித்தான் உரசுகின்றன. கதவின் தலைப்பகுதியும் அடிப்பகுதியும் பெயின்ட் காணாத வெறும் மரமாக இருந்தால் அந்த வழியாகத்தான் ஈரம் ஏறும். அவற்றுக்கு இரண்டு கோட் பெயின்ட் அடிக்க வேண்டும். அதன் பிறகும் இறுகினால், எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும் இலேசாக இழைக்கலாம். கேஸ்கெட் வேலைக்கு உகந்தது மாசி, பங்குனி.

வென்டிலேட்டர் விஷயத்தில் செங்கல் வைத்து அடைப்பதுதான் இங்கே வழக்கமாகிவிட்டது. அது வேண்டாம். இரவில் கரண்ட் போனால் சூடான காற்று வெளியேற அந்த ஒரு வழிதான் இருக்கிறது. ஜன்னலுக்கு மேலே உள்ள திறப்புக்கு ஒரு மரச் சட்டம் அடித்து, மேல்புறம் கீல் வைத்து, கீழ்ப்புறம் கொக்கி போட்டு, மூடித் திறக்கும் பலகையாக்கிவிடலாம். வெளிச்சம் வேண்டும் என்றால் 4 மி.மீ. அக்ரிலிக், வேண்டாம் என்றால் ஐ.எஸ். 710 தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட். 303 முத்திரையுள்ள சாதாரணப் பிளைவுட் இரண்டு மழைக்காலத்தில் ஊதிவிடும். சட்டத்தைச் சுற்றி அதே கேஸ்கெட்டை ஒட்டி, கொக்கி பலகையை இழுத்துப் பிடிக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கொசுவலை வெளிப்பக்கம் இருக்கட்டும்.

மர ஜன்னலில் கதவுகள் நிலையோடு சேருமிடத்தைவிட, இரண்டு கதவுகள் நடுவில் சந்திக்கும் கோட்டில்தான் கசிவு அதிகம். ஒரு கதவின் மேல் அரை இஞ்ச் அகல பீடிங் (மெல்லிய மரப்பட்டை) அடித்து, மற்றக் கதவு அதில் ஏறி உட்காரும்படி செய்தால் பாதிக் கசிவு நிற்கும். நடுவில் ஒரே ஒரு கொண்டி இருக்கும் உயரமான ஜன்னலுக்கு மேலும் கீழும் டவர் போல்ட் தேவை. இல்லையென்றால் மூலைகள் வளைந்து பிரிந்து நிற்கும். அலுமினிய, யு.பி.வி.சி. ஸ்லைடிங் ஜன்னல்களில் இருப்பது பிரஷ் போன்ற வுல் பைல். இது வெயிலிலும் உப்புக் காற்றிலும் சில ஆண்டுகளில் படுத்துவிடும். கதவைக் கழற்றிப் பழையதை இழுத்தெடுத்து, அதே அடி அகலமும் உயரமும் உள்ள புதியதைப் பள்ளத்தில் செருகலாம். கடைக்குப் போகும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டு போவது நல்லது. உயரம் ஒரு மி.மீ. குறைந்தாலும் பயனில்லை, கூடினால் கதவு ஓடாது.

ஸ்லைடிங் ஜன்னலில் நடக்கும் பெரிய தவறு வேறு. அடிச் சட்டத்தின் வெளிப்பக்கம் சிறு துளைகள் இருக்கும். காற்று வருகிறதே என்று அதில் சிலிக்கான் அடித்துவிடுகிறார்கள். அந்தத் துளைகள் மழைத்தண்ணீர் வெளியேறுவதற்கானவை. அடைத்தால் மேற்குப் பார்த்த ஜன்னலில் அடிக்கும் சாரல் தண்டவாளத்தில் தேங்கி, உள்சுவரில் இறங்கி, கட்டிலை நனைக்கும். துளைகளைச் சுத்தம் செய்து திறந்தே வைக்க வேண்டும். புதிதாக வீடு கட்டுவோர் ஏசி அறைக்கு ஸ்லைடிங்கைத் தவிர்த்து, கீல் வைத்துத் திறக்கும் ஜன்னலைப் போடுவதே நல்லது. அது ரப்பரை அழுத்தி மூடுகிறது. ஸ்லைடிங் எப்போதும் உரசிக்கொண்டுதான் ஓடும்.

ஏசி பைப் துளை ஒரு தனிக்கதை. செப்புக் குழாய்களும் ஒயரும், ஏசியின் தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் பைப்பும் போக இரண்டரை முதல் மூன்று இஞ்ச் துளை போடுகிறார்கள். வேலை முடிந்ததும் செய்தித்தாளையோ தெர்மோகோலையோ திணித்து, உள்ளே மட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது ஈரம் குடித்து, குழாயின் அதிர்வில் விரிசல் விட்டு உதிரும். இன்டோர் யூனிட்டின் பின்னால் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று நேராகக் குளிர்ந்த செப்புக் குழாயில் மோதித் தண்ணீராகி, சுவரில் மஞ்சள் கறையாக இறங்கும். வீட்டுக்காரர் ட்ரெயின் அடைப்பு என்று நினைத்து சர்வீஸுக்குக் கூப்பிடுவார். ட்ரெயினைக் கழுவிவிட்டுப் போவார்கள், கறை மறுபடியும் வரும். சர்வீஸ் முடிந்தும் கறை தொடர்ந்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்தத் துளையையும் குழாயின் மேல் சுற்றிய கறுப்பு இன்சுலேஷன் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பதையும்தான்.

சரியான முறை இது. துளை வெளிப்பக்கம் இரண்டு நூலாவது தாழ்ந்திருக்க வேண்டும். அதில் மூன்று இஞ்ச் பி.வி.சி. குழாய்த் துண்டை ஸ்லீவாகச் செருகி, சுவரோடு சேருமிடத்தைச் சிமென்ட் கலவையால் பூச வேண்டும். செப்புக் குழாய்கள் இரண்டிலும் இன்சுலேஷன் சுவருக்குள்ளும் இடைவெளியின்றித் தொடர வேண்டும். பிறகு வெளிமுனையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாரை எலிக்குத் தடையாகக் கொஞ்சம் திணித்து, டின்னிலிருந்து பீய்ச்சும் பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் அடிக்க வேண்டும். இரும்பு நார் துருப்பிடிக்கும், வேண்டாம். ஃபோம் ஈரத்தில்தான் இறுகும் என்பதால் துளைக்குள் முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். துளையில் பாதி நிரப்பினாலே போதும், மீதியை அது ஊதி நிரப்பிக்கொள்ளும். இறுகிய பின் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டி, வெளிமுனையைச் சிமென்டாலோ பெயின்டாலோ கட்டாயம் மூட வேண்டும். வெயில் பட்ட ஃபோம் மஞ்சளாகிப் பொடியாகும். உள்முனைக்கு ஏசிக்காரர்களிடம் கிடைக்கும் களிமண் போன்ற புட்டி போதும். பின்னாளில் குழாயை மாற்ற நேர்ந்தால் எளிதில் எடுக்கலாம். இதே ஃபோமைக் கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் தாராளமாக அடித்து, நிலை வளைந்து கதவு சாத்த முடியாமல் போன வீடுகள் உண்டு. அந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. இறுகும்வரை நிலைக்குள் குறுக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

ட்ரெயின் பைப்பின் வெளிமுனையை வாளித் தண்ணீரில் முக்கி வைப்பதும் தவறு. காற்று அடைத்துத் தண்ணீர் உள்ளே சொட்டும். குளியலறைக் கழிவுக் குழாயில் நேராகச் செருகினால் நாற்றமும் கரப்பானும் ஏசி வழியாகவே அறைக்குள் வரும்.

ஒட்டிய குளியலறையை வெளியிடமாகக் கருதுவதே நல்லது. அதன் கண்ணாடி லூவர் திறந்தே இருக்கட்டும். அடைக்க வேண்டியது படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள கதவை. ஆறு இஞ்ச் எக்ஸாஸ்ட் பேன் மணிக்கு 200 கன மீட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கக்கூடியது. கதவுக்கடியில் இடுக்கு இருந்தால் அது இழுப்பது நாம் பணம் கொடுத்துக் குளிர்வித்த காற்றைத்தான். 34 கன மீட்டர் அறைக்கு அது என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பேனை அணைத்ததும் தானாக மூடிக்கொள்ளும் மடல் வைத்த வகை கிடைக்கிறது. மாற்றும்போது அதைக் கேட்டு வாங்கலாம்.

ஓட்டு வீட்டில் ஏசி வைப்பவர்கள் ஓட்டுக்கடியில் நேராக வைத்தால் எத்தனை டன்னும் போதாது. ஓடுகளின் இடுக்கை அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. ஓட்டின் ஈரம் அந்த வழியாகத்தான் உலர்கிறது. அறைக்கு மட்டும் ஜிப்சம் போர்டிலோ மரத்திலோ மச்சு போட்டு, அதன் மூட்டுகளையும் சுவரோரத்தையும் அடைத்து, மேலே உள்ள இடத்தைக் காற்றாட விட வேண்டும். பால்ஸ் சீலிங்கில் விளக்குக்குப் போட்ட ஒவ்வொரு துளையும் ஒரு கசிவு. சுவருக்குள் புதைத்த மின்குழாய்கள் வழியாகவும் காற்று வரும். வெளியிலுள்ள மீட்டர் பெட்டியிலிருந்து படுக்கையறை சுவிட்ச் போர்டு வரை அது ஒரே குழாய். எலக்ட்ரீஷியனைக் கொண்டு மெயினை அணைத்து, போர்டுக்குள் குழாயின் வாயில் புட்டியை வைத்து அடைக்கச் சொல்லலாம். அங்கே பி.யு. ஃபோம் அடிக்கக் கூடாது. அது தீப்பிடிக்கும், ஒயர்களையும் பிரிக்க முடியாமல் பிடித்துக்கொள்ளும்.

நிலைக்கும் சுவருக்கும் இடையிலான விரிசலை அடைக்கும் டியூபில் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான சிலிக்கான் வினிகர் வாடை அடிக்கும். அது சிமென்டில் சரியாகப் பிடிக்காது, உலோகத்தை அரிக்கும், மேலே பெயின்டும் நிற்காது. உள்பக்கத்துக்கு பெயின்ட் அடிக்கத்தக்க அக்ரிலிக் சீலன்ட்டும், வெளிப்பக்கத்துக்கு "நியூட்ரல்" என்று அச்சிட்ட சிலிக்கானோ பி.யு. சீலன்ட்டோ வாங்க வேண்டும். இரண்டு நூல் அகலம், இரண்டு நூல் ஆழத்துக்கு அடித்தால் 300 மி.லி. டியூப் 8 மீட்டர் வரும். நான்கடிக்கு நான்கடி ஜன்னலின் சுற்றளவு ஏறக்குறைய 5 மீட்டர். விரிசல் ஆழமாக இருந்தால் டியூபையே திணிக்காமல், முதலில் ஃபோம் கயிற்றை உள்ளே அழுத்தி, அதன் மேல் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சீலன்ட் அடியிலும் ஒட்டிக்கொண்டு, மரம் அசையும்போது நடுவில் கிழியும். வெட்டுக்கல் சுவராக இருந்தால் விளிம்பு உதிரும். முதலில் சிமென்ட் பூசி இறுகிய பிறகே சீலன்ட். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகமாக இருக்கட்டும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போலக் கடலை ஒட்டிய வீடுகளுக்கு 316.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ஏசி அறையின் வெளிச்சுவரில் வினைல் வால்பேப்பர் ஒட்ட வேண்டாம். ஆனி, ஆடியில் நனைந்த சுவரின் ஈரம் குளிர்ந்த உள்பக்கத்தை நோக்கி நகரும். பிளாஸ்டிக் அதை வெளியே விடாது. பேப்பரை உரித்தால் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை இருக்கும். கசிவை அடைப்பதும் சுவரைப் பிளாஸ்டிக்கால் மூடுவதும் ஒன்றல்ல.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தினருக்கு இது ஏசி இல்லாவிட்டாலும் பொருந்தும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று வீட்டுச் சுவரிலும் மோதுகிறது. மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று ஏறத்தாழ 60 பாஸ்கல் அழுத்தம் தரும். வெளிநாடுகளில் வீட்டின் கசிவை அளக்கக் கதவில் பொருத்தும் விசிறி தருவதே 50 பாஸ்கல்தான். காற்றுக் காலத்தில் காற்றடிக்கும் பக்கத்து ஜன்னல்களை மேலே சொன்னபடி இறுக்கி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைத்தால் புழுதி உள்ளே வருவது பெருமளவு குறையும். மாவட்டத்தின் மேற்கே, ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையை வீட்டோடு ஒட்டிக் கட்டியிருப்பவர்களும் அந்தப் பக்கத்து ஜன்னலை இப்படிச் செய்துகொள்ளலாம்.

அடைக்கக் கூடாத இடங்களில் சமரசமே கூடாது. அடுக்களை, விறகடுப்பு இருக்கும் இடம், கேஸ் கீசர் வைத்த குளியலறை ஆகியவற்றின் காற்றுவழிகளைத் தொடவே வேண்டாம். கேஸ் கீசரின் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஆள் மயங்கிய பிறகுதான் தெரியும். இறுக்கிய அறைக்குள் கொசுவர்த்திச் சுருளோ சாம்பிராணியோ கொளுத்தக் கூடாது. தண்ணீர் ஊற்றும் இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். அதன் இடம் காற்றோட்டமுள்ள வராந்தா.

மூச்சுக் காற்றையும் மறக்கக் கூடாது. 34 கன மீட்டர் அறையில் இரண்டு பேர் படுத்தால் மணிக்கு அரை முறை காற்று மாறுவது குறைந்தபட்சத் தேவை. அதிலேயே கரியமில வாயு 2,000 பி.பி.எம். அளவை நெருங்கும், அறை இலேசாக மூச்சடைப்பாக இருக்கும். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில் உறங்கும் வீடுகளில், முன்பு சொன்ன வென்டிலேட்டர் பலகையை ஒரு நூல், இரண்டு நூல் திறந்து கொக்கி போட வேண்டும். காலையில் எழும்போது தலை கனத்தால் இன்னும் கொஞ்சம் திறக்கலாம். இடுக்குகளை அடைத்துவிட்டு மறுபடி திறப்பதா என்று கேட்கத் தோன்றும். கதவடி இடுக்கு நம் பேச்சைக் கேட்காது, காற்றடிக்கும் அளவுக்கு உள்ளே விடும். பலகையை நாம் வேண்டிய அளவுக்குத் திறக்கலாம்.

கடைசியாக, தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்கள். வீட்டு வரைபடம் போடும் பொறியாளர்கள் ஏசி வரப்போகும் சுவரில் மூன்று இஞ்ச் ஸ்லீவையும், அந்த அறைக் கதவுக்கு இரண்டு நூல் உயரக் கிரானைட் படியையும் எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். படியின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்தால் முதியவர்கள் தடுக்கி விழ மாட்டார்கள். கட்டும்போதே செய்தால் சில மணி நேர வேலை. பிறகு செய்வதென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். இரண்டாவது, நாகர்கோவில் கோணத்திலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் ஏசி மெக்கானிக், தச்சு வேலை படிக்கும் மாணவர்களுக்கு ஊதுபத்திச் சோதனையையும் துளை அடைக்கும் முறையையும் செய்முறைப் பாடமாகக் காட்ட வேண்டும். அதுவரை, ஏசி மாட்ட வருபவரிடம் துளையின் இரு முனைகளையும் அடைத்துக் காட்டிய பிறகே கூலி என்று வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஏசி பழுதுபார்ப்பு, தச்சு, கட்டுமானப் பணிகளில் உள்ளோர்,
நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்.